பனி உண்டோ?

சாயங்காலம் ஆறரை மணி. மாட்டுப்பட்டி அணையைத் தாண்டி, தேயிலைக் காட்டுக்குள் இறங்குகிற ஒத்தை ரோடு. நவீன்குமார் பைக்கில் வருகிறான். தனியாக. திடீரென்று வண்டி இரண்டு தடவை இருமியது... நின்றுவிட்டது.

சிரிக்காதே சின்னமுத்து. பெட்ரோல் நிறைய இருந்தது. நவீன்குமார் யாரென்றால், நம்ம குப்பண்ணனின் மைத்துனன். எருத்தேன்பதிக்காரன். குப்பண்ணனுக்குக் கதை கட்டவெல்லாம் வராது, அதனால்தான் இதை நான் நம்புகிறேன். கிட்ட வந்து உட்காருங்கள்.

அவன் பார்த்த வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மலையாளச் சீமையில் இருக்கிற அந்த எஸ்டேட் சரிவில் செல்போனுக்கு சிக்னல் கிடையாது. ஒரு கம்பெனி சொந்தமாக டவர் நட்டு, தொழிலாளர் வீட்டுக்கு ஒரு போன் கொடுத்தது. அதிலிருந்து யாரையும் கூப்பிட முடியாது. சாயங்காலம் அதுவாக அடிக்கும். பதிவு செய்த குரல் ஒன்று மலையாளத்தில் கேட்கும்... "பனி உண்டோ?"

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். அங்கே வேலை செய்கிறவர்களோ தமிழர்கள். டவருக்குக் கீழே ஓர் அறையில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லும் பதிலைக் கேட்டு, உண்டு, இல்லை என்று கம்ப்யூட்டரில் அழுத்துவது நவீன்குமாரின் வேலை. உண்டு என்றால் நர்சோடு ஜீப் போகும். இல்லை என்றால் போகாது. அவ்வளவுதான்.

முதல் வாரம் எல்லா வீட்டிலும் "உண்டு" என்றார்கள். ஜீப் மலை முழுக்க ஏறி இறங்கியது. போய்ப் பார்த்தால் எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்கள். "பனிதானே கேட்டீக? அந்தா பாருங்க, மலையே தெரியல" என்று வெளியே கையைக் காட்டினார்கள். மேனேஜர் பூபதிராஜாவுக்கு வந்ததே கோபம்.

"ஏப்பா நவீனு, ஜீப்புக்கு டீசல் உங்கப்பனா ஊத்துவாரு?"

அதன் பிறகு நவீன்குமார் ஒரு முடிவுக்கு வந்தான். பனி என்று யார் சொன்னாலும் இல்லை என்று அழுத்தினான். காய்ச்சல் என்று தமிழில் சொன்னால்தான் காய்ச்சல். நல்லது, அதை அந்த ஜனங்களிடம் சொல்ல வேண்டாமா? சொல்லவில்லை. சொல்வதற்கு மலையேற வேண்டுமே.

மேட்டு லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கடைசி வீட்டில் சிவசங்கரி. கொழுந்து கிள்ளுகிறவள். புருஷன் திருப்பூரில். அந்த வாரம் அக்கம்பக்கம் எல்லாரும் போடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அவளுக்கு உடம்பு முடியாமல் போனது. மெஷினுக்கு மலையாளம்தான் புரியும் என்று நினைத்தாள், பாவம். அதனால் அதன் பாஷையிலேயே பதில் சொன்னாள்.

"பனி உண்டு... நல்ல பனி உண்டு..."

பல் தந்தியடிக்கிற சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது. குளிர் போல என்று நவீன்குமார் இல்லையை அழுத்தினான். மறுநாளும் அதே குரல், அதே சத்தம். மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் வார்த்தை வரவில்லை, பல் மட்டும் கடகடவென்று... அதற்கும் இல்லை.

கல்யாண வீட்டார் திரும்பி வந்து கதவை உடைத்தார்கள். வீடெல்லாம் யூக்கலிப்டஸ் தைல வாசனை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி விறைத்துப் போயிருந்தாள். காதில் போன்.

"நம்ம கணக்குல காய்ச்சலே இல்லியே" என்று பூபதிராஜா கையைத் துடைத்துக்கொண்டார். நவீன்குமாருக்கும் நிம்மதி. அன்று மத்தியானம் மீன் குழம்போடு வயிறாரச் சாப்பிட்டானாம். எனக்கு அவன் மேல் துளியும் இரக்கம் கிடையாது, சொல்லிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமைதான் ஊருக்குக் கிளம்பினான். அந்த ஒத்தை ரோட்டில்தான் வண்டி நின்றது. சுற்றிலும் வெள்ளை வெளேரென்று பனி. தன் கையே தெரியவில்லை. தோள்பைக்குள் இருந்த ஆபீஸ் போன் அடித்தது. அந்தப் போனுக்குக் கேள்வி வரவே வராது. எடுத்தான்.

"பனி உண்டோ?"

கூட வேலை செய்கிற எவனோ விளையாடுகிறான் என்று நினைத்தான். சிரித்துக்கொண்டே, "ஆமாப்பா, கண்ணே தெரியல, அவ்வளவு பனி" என்றான்.

பிறகு... கடகட... கடகட... போனுக்குள்ளிருந்து தைல வாசனை. ஒரு பெண் குரல், ரொம்ப மரியாதையாக.

"இல்லைன்னு போட்டுக்கிடுதேன் சார்."

எப்படியோ வீடு வந்து சேர்ந்தபோது உடம்பு கொதித்தது. அவனுக்கு மட்டும்தான் கொதித்தது. டாக்டர் தெர்மாமீட்டர் வைத்தார். ஒன்றுமில்லை. பக்கத்துச் சித்தூரில் இன்னொரு டாக்டர். ஒன்றுமில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அதிலும் இல்லை. அவன் அம்மா ஜானகியம்மாள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். குளுகுளுவென்று இருந்தது.

"ஏன்டா கண்ணு, வேலைக்குப் போகச் சோம்பல்பட்டுப் படுத்துக் கெடக்கறயா?"

"எரியுதுங்கம்மா... காய்ச்சல் இருக்குதுன்னு ஒரே ஒருக்கா சொல்லுங்கம்மா. யாராச்சும் ஒருத்தர் சொன்னாப் போதுங்கம்மா."

"இல்லாததை எப்படிடா இருக்குதுன்னு சொல்றது?"

கம்பெனி டவர் எங்கே, எருத்தேன்பதி எங்கே. ஆனாலும் சாயங்காலம் ஆனால் அந்தப் போனை எடுத்துக் காதில் வைப்பான். அது அடிக்கிற சத்தம் அவனைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. "காய்ச்சல்! காய்ச்சல்!" என்று சுவரைப் பார்த்துக் கத்துவான். அந்தப் பக்கம் என்ன பதிலோ... போனை வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுவான். பைத்தியம் பிடித்துவிட்டது என்று அறையைப் பூட்டி வைத்தார்கள்.

ஒருநாள் சத்தம் இல்லை. திறந்து பார்த்தால் முடிந்திருந்தது. தரையிலிருந்து தூக்கிக் கட்டிலில் போட்டார்கள்.

கீழே கோரைப்பாயில் அவன் படுத்திருந்த இடம் மட்டும் ஆள் வடிவத்தில் கருகிக் கிடந்தது. தலை, தோள், இரண்டு கால். ஜானகியம்மாள் குனிந்து, தலை இருந்த இடத்தில் கையை வைத்தார். உள்ளங்கைத் தோல் பாயோடு ஒட்டிக்கொண்டு உரிந்துவிட்டது.