மிஞ்சிய சீட்டு

ரேஷன் கடை வரிசையில் முதல் ஆளாக நிற்க நான் என்றைக்கும் அவசரப்பட்டதில்லை. நிக்கோபாரின் கச்சால் தீவில், எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்கு மலை பிரிக்கும்போதும் அப்படித்தான். சரிவு யாருக்கு, சமதளம் யாருக்கு என்று சீட்டுப் போடுவோம். கணக்கப்பிள்ளையான நான் டப்பாவைப் பிடிப்பேன். பிடிப்பவன் கடைசியில் மிஞ்சியதைத்தான் எடுக்க வேண்டும், அது வழக்கம். அதனால் யாரும் என்னைச் சந்தேகப்பட்டதில்லை.

2004 டிசம்பரில் கடல் வந்த நான்காம் நாள், குன்றின்மேல் ஆறு பேர் மிஞ்சியிருந்தோம். வந்த ஹெலிகாப்டரில் ஒரே ஓர் இடம். ராக்கப்பனின் மனைவி சந்திரமதிக்குத் தொடையில் தகரம் கிழித்த காயம் புழுத்திருந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளை அனுப்பலாம் என்றார்கள். எல்லோருக்கும் உயிர் ஒன்றுதானே என்று சீட்டை ஞாபகப்படுத்தியவன் நான். யாரும் மறுக்கவில்லை. எல்லோருக்கும் பயம்.

என் பையிலிருந்த செக்ரோல், அதாவது ஆள்வரவுப் பதிவுத் தாளைக் கிழித்து ஆறு துண்டு. ஒன்றில் மட்டும் பேனாக்கோடு. முதலில் எடுக்க முண்டியடித்தார்கள். பொறுமையாக விளக்கினேன். முதல் ஆளுக்கு ஆறில் ஒன்று. அவர் தவறவிட்டால் அடுத்தவருக்கு ஐந்தில் ஒன்று. ஆனால் முதல் ஆள் தவறவிடும் வாய்ப்பே ஆறில் ஐந்துதான். பெருக்கினால் மறுபடி ஆறில் ஒன்று. எடுத்ததைத் திரும்பப் போடாதவரை கடைசி ஆளுக்கும் அதே பங்கு. கணக்கு சரி. இன்றும் சரி.

மூன்று பேருக்கு வெற்றுத்தாள். நான்காவதாக எடுத்த ராக்கப்பனுக்கும் வெற்று. அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

“நல்லதாப் போச்சு புள்ள. ஒனக்குத்தான் விழும்.”

சந்திரமதி என்னைப் பார்த்தாள். “இப்பப் பாதிக்குப் பாதிங்களா ஐயா?”

“ஆமாம்மா.”

அவளுக்கும் வெற்று. “போயிட்டு வாங்க ஐயா. எங்கள மறந்துறாம ஆள் அனுப்புங்க,” என்றாள்.

மழையில் அடுத்த ஹெலிகாப்டர் வர மூன்று நாள் ஆனது. அவள் இரண்டாம் நாளே போய்விட்டாள். ராக்கப்பன் இப்போது போர்ட் பிளேரில், டாலிகஞ்சில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பத்து வருஷமாக ஞாயிறுதோறும் வந்து அந்தக் கணக்கைச் சொல்லச் சொல்கிறார். கேட்டால் மனசு ஆறுகிறதாம். நானும் சலிக்காமல் சொல்கிறேன்.

கோடு போட்ட துண்டு டப்பாவுக்குள் போகவே இல்லை. டப்பாவைப் பிடித்திருந்த இடது கையின் விரலிடுக்கில் இருந்தது. சந்திரமதி கேட்டபோதுகூட அதை உள்ளே நழுவவிட்டிருக்கலாம். அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி வாய்ப்பு இருந்திருக்கும்.

பாதி எனக்குப் போதவில்லை.