மஞ்சள் பட்டை

பால் விடாத இந்தத் தே ஓ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் மேடம். சீனியை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கலாம். நாள் முழுக்க வகுப்பில் பேசுகிறவள் நான். தொண்டைக்குச் சூடாக ஏதாவது இறங்கினால் போதும், கோர்வையாகச் சொல்லிவிடுவேன்.

என் பெயர் ஜெரால்டின். வீடு கிள்ளானில், வேலை பிரிக்ஃபீல்ட்ஸில். வெள்ளம், பூகம்பம், அகதி முகாம் என்று ஓடுகிற பன்னாட்டு நிவாரண அமைப்புகளுக்குக் கணக்கு மென்பொருள் கற்றுக்கொடுப்பது என் தொழில். நல்ல மனசுக்காரர்கள்தான். கணினி முன்னால் உட்காரவைத்தால் மட்டும் பயந்துவிடுவார்கள், எதையாவது அழுத்திக் கெடுத்துவிடுவோமோ என்று.

அந்தப் பயத்துக்காகத்தான் மஞ்சள் பட்டை. மென்பொருளில் இரண்டு தளங்கள் உண்டு. நிஜத் தளத்தில் திரையின் உச்சியில் சிவப்புப் பட்டை இருக்கும். பயிற்சித் தளம் அதன் அச்சு அசல் நகல். அதே கொள்முதல் ஆர்டர்கள், அதே பெயர்கள், பட்டை மட்டும் மஞ்சள். "மஞ்சளப் பாத்தா பயப்படாதீங்க, என்ன அழுத்தினாலும் ஒன்னும் ஆவாது" என்றுதான் எந்த வகுப்பையும் தொடங்குவேன். இன்னொரு வழக்கமும் உண்டு. எல்லோருடைய கைப்பேசியையும் வாங்கி ஒரு பிரம்புக் கூடையில் போட்டு என் மேசையில் வைத்துக்கொள்வேன்.

முகுந்தன் விஷயத்துக்கு வருகிறேன். அப்படிப்பட்ட ஓர் அமைப்பின் வட்டார இயக்குநர். தன் கையால் எதையும் அழுத்தாத மனிதர். அவருடைய கடவுச்சொல் கணக்குப் பிரிவுக் கிராணியிடம், அதாவது குமாஸ்தாவிடம்தான் இருக்கும். "நீயே அப்ரூவ் பண்ணிடு லா, நான் மீட்டிங்ல இருக்கேன்." இந்த அமைப்புகளில் இது சகஜம், எல்லோருக்கும் அவசரம். ஒரு தணிக்கையில், முகுந்தனின் மச்சான் கம்பெனிக்குப் போன ஒப்பந்தம் சிக்கியது. தன் கடவுச்சொல்லைக் கிராணி திருடிவிட்டான் என்றார் முகுந்தன். "சார்தான் குடுத்தாரு" என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. கிள்ளான் ஆற்றுப் பாலத்தில் அவனுடைய மோட்டார் சைக்கிள் மட்டும் நின்றது. சாவி அதிலேயே இருந்தது.

அவன் மார்வின். என் தம்பி.

அவன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர். புதிய மென்பொருளுக்குப் பயிற்சி கொடுக்க என்னைக் கூப்பிட்டபோது முகுந்தனுக்கு எதுவும் தெரியாது. நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

தீபாவளிக்கு முதல் நாள் வகுப்பு. முகுந்தன் எனக்கென்று ஒரு டின் அச்சு முறுக்கு கொண்டுவந்திருந்தார். "வீட்ல சுட்டது, எடுத்துக்குங்க." நல்ல முறுக்கு. மற்றவர்களைப் பயிற்சித் தளத்தில் விட்டேன். அவர் ஒருவரை மட்டும் நிஜத் தளத்தில் உட்காரவைத்தேன். அவருடைய திரைக்கு மட்டும் பட்டையைக் காலையிலேயே மஞ்சளாக்கியிருந்தேன்.

பாடம், ஓர் ஆர்டரை ரத்து செய்வது. அந்த அதிகாரம் இயக்குநருக்கு மட்டுமே உண்டு. எந்த ஆர்டர் என்று நான்தான் காட்டினேன். அவர் வழக்கம்போல் பக்கத்தில் திரும்பினார். மார்வின் இடத்தில் இப்போது பெர்னிஸ் என்ற பெண் இருக்கிறாள்.

"பெர்னிஸ், நீ வந்து அழுத்து லா."

"நீங்களே அழுத்துங்க சார். இல்லனா பழகாது," என்றேன்.

"டீச்சர் ரொம்பக் கண்டிப்பு," என்று சிரித்தார். விரல் ஒரு கணம் தயங்கியது. "மஞ்சள்தானே?"

"மஞ்சள்தான் சார்."

அதில் பொய் இல்லை, மேடம். குறித்துக்கொள்ளுங்கள்.

ரத்தானது ஒரு தீவு முகாமுக்குப் போகவிருந்த சலைன். அங்கே காலரா. ரத்தானதும் சப்ளையருக்குத் தானாகவே மின்னஞ்சல் போய்விடும். சப்ளையரின் பண்டமாரான் கிடங்கில் பெட்டிகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்த ஜெய்னுதீன், நிஜமா என்று கேட்க முகுந்தனுக்குப் போன் போட்டிருக்கிறார். கூடை அதிர்ந்தது. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது.

"அக்கா, சார் போன் அடிச்சிக்கிட்டே இருக்கு லா," என்றாள் பெர்னிஸ்.

"கிளாஸ் முடியட்டும்மா. தீபாவளி வாழ்த்தா இருக்கும்."

கூடையை எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். வகுப்பு முடிவதற்குள் ஜெய்னுதீன் பெட்டிகளை இறக்கி, காத்திருந்த வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். கப்பல் அவை இல்லாமல் புறப்பட்டது. அடுத்த கப்பல் பண்டிகை விடுமுறை கழித்துத்தான். வகுப்பு முடிந்து கீழே போன முகுந்தன், போனில் விஷயம் தெரிந்து படியேறி ஓடிவந்து திரையைப் பார்த்தபோது பட்டை சிவப்பாக இருந்தது.

வேறு சலைன் போய்ச் சேர்வதற்குள் முகாமில் சாகத் தொடங்கிவிட்டார்கள். சிறியவர்கள் முதலில். அந்த நோயில் அப்படித்தானாம்.

அமைப்பின் விசாரணையில், "மஞ்சளாத்தான் இருந்துச்சு, சத்தியமா" என்று முகுந்தன் அழுதார். அப்படி இருக்க முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். "பதற்றத்துல அப்படித் தோணும், பாவம்" என்றேன். ஒருவரும் அவரை நம்பவில்லை. அவருக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மார்வின் முகத்தில் பார்த்திருக்கிறேன். அன்று சாயங்காலம் அவன் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

பட்டையின் நிறம் என் கணினியிலிருந்து மாற்றப்பட்டதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் நான் யாரையும் கொல்லவில்லை. அழுத்தியது அவர் விரல். நான் பாடம் நடத்தினேன், அவ்வளவுதான். ஒரு மனிதனுக்கும் எனக்கும் இடையில் இருந்த விவகாரம் இது. வேறு யார் மேலும் எனக்குக் கோபம் கிடையாது.

அந்தக் குழந்தைகளை நினைத்துப் பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். நினைத்தேன், மேடம். அந்த வகுப்புக்கு முதலில் நான் எடுத்து வைத்திருந்தது பிளாஸ்டிக் நாற்காலி ஆர்டரைத்தான். குழந்தைகளை நினைத்த பிறகுதான் மாற்றினேன். நாற்காலி வராவிட்டால் முகுந்தனை மன்னித்துவிடுவார்கள்.