மலைக்குள் ஒரு பொந்து

"கம்ப்யூட்டர்ல நம்ம மலையக் குடைஞ்சு பாத்தேன் மாமா. அப்பத்தான் கணக்கு ஒத்து வந்துச்சு."

பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் என் தூக்கம் கலைந்தது. பக்கத்தில் அவளுடைய மாமா, மடியில் பூண்டு மூட்டையோடு.

"வெளங்குற மாதிரி சொல்லு தாயி."

"வானத்துலருந்து கண்ணுக்குத் தெரியாத துகள் வந்துக்கிட்டே இருக்கும். முக்காவாசிய பாறை தடுத்துரும். மிச்சத்தப் பிடிக்கத்தான் எங்க காலேஜ் கருவி. ஊர்ல வச்சுப் பாத்தா, மலை மறைக்கிற பக்கத்துல ஒரு எடத்துலருந்து மட்டும் எக்கச்சக்கமா வருது."

"கருவியில கோளாறோ?"

"அப்படித்தான் நெனச்சோம். அதுக்குள்ள இருக்குற தகடுகள நெருக்கியும் தள்ளியும் கம்ப்யூட்டர்லயே மாத்திமாத்தி வச்சுப் பாத்தோம். சரிப்படல. கடைசியில கருவிய விட்டுட்டு, கம்ப்யூட்டர் மலைக்குள்ள ஒரு பொந்து வச்சேன். அச்சு அசலா ஒத்துப்போச்சு."

"எந்த எடத்துல?"

"உங்க பூண்டுக் காட்டுக்கு நேர் கீழ."

மாமா பூண்டு மூட்டையை மடியிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்தார்.

"காலையில வெள்ளனே காட்டுல மண்வெட்டி போடுறப்ப, அடியிலயும் வெட்டுற சத்தம் கேக்கும்மா. எதிரொலின்னுதான் இருந்தேன்."

"எதிரொலியாத்தான் இருக்கும் மாமா."

"நான் நிறுத்துனப்புறமும் கேக்குதே."