கிரீவியஸ்

இப்டி உக்காருக்கா, டாக்டர் இன்னும் வரல. சந்தவாசலா நீ? மூஞ்சி வீங்கிகினு கீதே, பஸ்ல ஒருத்தனும் எடம் குடுக்கலியா? குடுக்க மாட்டானுங்க.

கேட்டா படியில வுழுந்தேன்னு சொல்லிடாத. மொத தபா நானும் அப்டித்தான் சொன்னேன். புருஷன் அடிச்சான்னு சொல்லு. அப்பவும் இங்கிலீஷ்ல ஒரு வார்த்த எழுதுவாங்க பாரு, எல்லாம் அதுலதான் கீது. சிம்புள்னு எழுதினா டேசன்ல சமாதானம் பேசி ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. கிரீவியஸ்னு எழுதினாத்தான் ஆள உள்ள வைப்பாங்க. கொடுங்காயம்னு அர்த்தமாம்.

யாரு, நானா? அஞ்சாவதுதான் படிச்சேன். பட்டுத்தறி நெய்யறேன். இந்த வார்த்தயக் கத்துக்குடுத்தவன் கமலக்கண்ணன், என் புருஷன். தொண்ணூத்தி அஞ்சுல மூங்கில் கழியால அடிச்சான், முதுவுத் தோலு உரிஞ்சிது. சிம்புள். அடுத்த வருசம் வவுத்துல ஒதச்சான், நாலு நாள் ஒண்ணுக்கு ரத்தமாப் போச்சு. அதுவும் சிம்புள். அவன் மேல வந்தத விட அந்த வார்த்த மேலதாங்கா எனக்குக் கோவம்.

தேவகின்னு ஒரு வக்கீலம்மா, அவுங்ககிட்ட சண்டைக்கே போய்ட்டேன். இருவது நாள் வேல செய்ய முடியாமக் கெடந்தியான்னு கேட்டாங்க. எங்க கெடக்கறது? முகூர்த்தப் பொடவ, நாள் குறிச்சிட்டாங்க, மறுநாளே தறிக்குழியில எறங்கிட்டேன். எழுந்து நெய்தா சிம்புள்தான்மான்னாங்க. இல்லாட்டி எலும்பு ஒடயணும், கண்ணு போவணும், பல்லு வுழணும்.

ஆடுதா, உனுக்கா? ஆடற பல்லுக்கு எழுத மாட்டாங்கக்கா. வுழணும்.

எனக்கும் அதான் ஆச்சு. போன ஆடியில வாயிலயே குத்தினான். முன்பல்லு ரெண்டு ஆடிச்சு, வுழல. படுபாவி, அதக்கூட முழுசா செய்யல. குத்திட்டுக் குடிக்கக் கெளம்பிட்டான்.

நான் கதவச் சாத்தினேன். படமரம் கீது இல்ல, நெய்யற துணியச் சுத்திக்கற கட்ட, அத ரெண்டு கையாலயும் புடிச்சிகினு மூஞ்சியால மோதினேன். மூணாவது மோதுல ரெண்டும் வந்துடுச்சு. முந்தானையில முடிஞ்சிகினு நேரா இங்கதான் வந்தேன். கிரீவியஸ்னு எழுதினாங்க. இப்ப அவன் வேலூர்ல கம்பி எண்ணிகினு கீறான், நான் பல்லு கட்டிக்க வந்து கீறேன்.

அழுவாதக்கா. பின்னாடி சிமிட்டித் தொட்டி ஒண்ணு கீது, அந்தப் பக்கம் யாரும் வர்றதில்ல. வா, தலைய நான் புடிச்சிக்கறேன்.