எதிர்க்கிறவங்க கை தூக்குங்க

அட, பரவாயில்லக்கா, குடைதானே. என் கால்மேல ஊனினதுக்கு இத்தன சாரியா? உக்காருங்க. ஐயோ, என் தோளப் புடிச்சு அழுத்தாதீங்க, நான் ஏற்கெனவே உக்காந்துதான் இருக்கேன். நீங்கதான் நிக்கிறீங்க.

செமினி ஊர்ல இருந்து தலைவர் ஏற்பாடு பண்ணின வேன்ல வந்தவங்கதானே? அதெல்லாம் தெரிஞ்சிரும் லா. எங்க ஆளுங்க உள்ள வந்ததும் மொதல்ல டாய்லெட் எந்தப் பக்கம்னு கேப்பாங்க. உங்க கூட்டம் சாப்பாடு எப்போன்னு கேட்டுச்சு. போன மாசம்தான் உறுப்பினரா சேந்தீங்களா? சந்தாவும் தலைவரே கட்டிட்டாரா? பெரிய மனசு. எதுக்கு ஓட்டுன்னு சொன்னாரா? சொல்லலையா? கை தூக்காம சும்மா இருந்தா போதும்னாரா! அதுக்கு எதுக்குக்கா ஆளு, நாற்காலியே போதுமே.

சரி, நானே சொல்றேன். என் பேரு உஷாராணி. பொறந்ததுல இருந்தே பார்வை இல்ல. இது எங்க சங்கம். போன வருஷம் தலைவர் பரமேஸ்வரன் புதுசா ஒரு விதி கொண்டாந்தாரு. பொறுப்புக்கு வர்றவங்க காகிதத்தக் கண்ணால படிச்சுக் கையெழுத்துப் போடக்கூடியவங்களா இருக்கணுமாம். சிரிங்க, சிரிங்க. பார்வையில்லாதவங்க சங்கத்துல பார்வையில்லாதவங்க பொறுப்புக்கு வரக்கூடாது. எல்லாம் எங்க நல்லதுக்காம். யாராவது ஏமாத்திக் கையெழுத்து வாங்கிடுவாங்களாம்.

படிச்சுப் பாத்தீங்களான்னா கேக்குறீங்க? வாட்ஸ்அப்ல அனுப்பினாரு லா. டைப் பண்ணி அனுப்பியிருந்தா எங்க போனே வாசிச்சுச் சொல்லும். இவரு ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ புடிச்சு அனுப்பினாரு. என் போன் என்ன வாசிச்சுச்சு தெரியுமா? இமேஜ். இமேஜ். இமேஜ். அவ்ளோதான் எங்க சட்டம்.

ஓட்டு எடுத்தாங்க, ஏன் எடுக்காம? இதே ஹால்தான். மேடையில நின்னுக்கிட்டு, எதிர்க்கிறவங்க கை தூக்குங்கன்னாரு. நான் தூக்கினேன். ஒரு சத்தம் இல்ல. அப்புறம், யாரும் எதிர்க்கல, ஏகமனதா நிறைவேறிருச்சுன்னாரு. மேடையில இருந்த அவரு ஆளுங்க கை தட்டினாங்க. எனக்குன்னா அவமானமா போச்சு. இத்தன பேருல நான் ஒருத்திதானான்னு கைய எறக்கிட்டேன்.

அப்புறம் எல்லாரும் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனோம். ரசம் ஊத்தும்போது பக்கத்துல உக்காந்திருந்த திருச்செல்வம் மெதுவா சொல்றாரு, நான் ஒருத்தன்தான் கை தூக்கினேன் போலன்னு. நசீமா, நானும்தானேங்கிறா. பக்கத்து மேசையில இருந்து ஒருத்தரு, நானும். அந்தக் கடைசியில இருந்து, நானும். எல்லாரும் தூக்கியிருக்கோம்கா! ஒருத்தருக்கொருத்தர் தெரியல. தெரிஞ்சது மேடைக்கு மட்டும்தான்.

பொய் சொல்ற ஆளு மாதிரி தெரியலையா? பாக்க நல்லாதான் இருப்பாரு போல, எல்லாரும் சொல்றாங்க. போன வருஷம் வெள்ளைத் தடி நாளுக்கு, கண்ணக் கட்டிக்கிட்டு நடந்து காட்டினாரு. ரெண்டு நிமிஷம். ரெண்டு பேரு கையப் புடிச்சுக்கிட்டு. அதுலயும் பூந்தொட்டிய இடிச்சுக் கவுத்துட்டாரு. அப்புறம் மைக்கப் புடிச்சு, இருட்டோட வலிய இன்னிக்குத்தான் உணர்ந்தேன்னு பேசினாரு. எனக்குத் தெரிஞ்சு வலி அந்தத் தொட்டிக்குத்தான்.

இன்னிக்கு அந்த விதிய எடுக்கச் சொல்லித் தீர்மானம் கொடுத்திருக்கோம். இந்தத் தடவ கை இல்ல. ஆதரிக்கிறவங்க தடியால தரையத் தட்டணும். திருச்செல்வம் யோசனை. காதுள்ள எவனும் யாரும் தட்டலன்னு சொல்ல முடியாது பாருங்க. சங்க விதியில அதுக்கு இடம் இருக்கான்னா கேக்குறீங்க? இருக்கு. கண்ணு தெரிஞ்ச எங்க மலர்விழி பக்கம் பக்கமா வாசிச்சுச் சொல்லிட்டா. ஓட்டு எடுக்கணும்னு இருக்கு, எப்படி எடுக்கணும்னு எழுதல. மறந்துட்டாங்க. போட்டோ புடிக்கிற அவசரம்.

தீர்மானம் ஜெயிச்சா, மத்தியானமே தலைவர் பதவிக்கு நான் நிக்கிறேன். தோத்தா, மசாஜ் சென்டருக்குப் போயி வழக்கம்போல வேலையப் பாத்துட்டு, அடுத்த வருஷம் மறுபடி வருவேன்.

என்னது, அவர் மேல சொந்தப் பகையா? இருங்க, மைக்க எடுத்துட்டாரு. கேட்டீங்களா அந்தச் செருமல? பேசறதுக்கு முன்னால ரெண்டு தடவ செருமுவாரு. காலையிலயும் பாத்ரூம்ல கண்ணாடி முன்னால நின்னு இப்படித்தான் செருமிக்கிட்டு இருந்தாரு. இன்னிக்கு நீ ஹாலுக்கு வர வேணாம், கால் வலின்னு சொல்லிடுன்னு சொன்னாரு. நான் தோசைய ஊத்தி மூடி வச்சிட்டு, போன்ல கிரேப் டாக்சி புடிச்சு வந்துட்டேன்.

ஆமாக்கா, என் வீட்டுக்காரருதான். கல்யாணம் பதிவு பண்ணப்ப, எங்க போடணும்னு என் விரலப் புடிச்சுக் காட்டினதே அவருதான். அங்க நான் படிக்காம போட்ட கையெழுத்து மட்டும் செல்லுபடியாச்சு.

ம், கை தூக்குங்கன்னுதான் சொல்றாரு. ஆரம்பிச்சுட்டாங்க பாருங்க, டக்கு டக்குன்னு. குடைய எடுத்துக்குங்க. தட்டறதும் தட்டாததும் உங்க இஷ்டம். ஆனா தட்டினா தரையில தட்டுங்க, என் கால்மேல வேணாம்.