அரை கிலோ ஆணி

— ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம் ஆச்சுக்கா. ஒரே ஒரு செவுத்துக்கு என் கடையில யாரும் இவ்ளோ நேரம் நின்னதில்ல.

— நான் எப்பவோ சொல்லிட்டேன், பாக்கியராஜ் தம்பி. வெள்ளைப் பூப் போட்ட வால்பேப்பர். இவருதான் விட மாட்டேன்றாரு.

— பேப்பரு மழைக்காலத்துல ஓரம் தூக்கிக்கும், பானு. இந்த டெக்ஸ்ச்சர் பெயின்ட்ட தடவிப் பாரு. ஈர மணல்ல அலை வந்துட்டுப் போன மாதிரி கீது.

— நல்லாத்தான் இருக்கு, மச்சான். காலி பண்ணும்போது உரிச்சு எடுத்துக்கினு போவ முடியுமா?

— இன்னாத்துக்குக் காலி பண்ணணும், பானு?

— இவரு கேக்கறதக் கேளு தம்பி. மணவாள நகர்ல எட்டு வருஷமா வாடகை. ஆணியே அடிக்கக் கூடாதுன்னு ஓனர் துளசிராமன் ஐயா மொத நாளே சொல்லிட்டாரு. காலண்டரு ஜன்னல் கம்பில தொங்குது. கடியாரம் ஃபிரிட்ஜ் மேல சாஞ்சிக்கினு கீது. மணி பாக்கணும்னா நானும் சாயணும்.

— அதான் சாம்பிளக்கூட தலையச் சாச்சே பாக்குறீங்களாக்கா?

— சிரி, சிரி. எங்க பொண்ணு சிஃபா ஓட்டப் பந்தயத்துல வாங்கின மெடலு அரிசி டப்பால கெடக்குது. மாட்ட எடம் இல்ல.

— பாக்கியராஜ், அரை கிலோ ஆணியும் சேத்துப் போடுங்க.

— ஆணியா? மச்சான், நைட் ஷிப்டு முடிச்சிட்டு தூங்காம வந்தது தலைக்கு ஏறிடுச்சா?

— துளசிராமன் ஐயாகிட்ட பேசிட்டேன். அடிச்சிக்கோன்னுட்டாரு.

— சிஃபா பென்சில்ல கோடு போட்டதுக்கு ஒரு வாரம் மூஞ்சி குடுத்துப் பேசாத மனுஷன். அவரு சொன்னாரா? உங்க காது செவக்குது.

— வெயில்ல வந்தோம்ல.

— வந்து ரெண்டு மணி நேரமாச்சு. தம்பி இப்பதானே சொன்னாரு.

— எனக்கே பயமா கீதுண்ணே. டெக்ஸ்ச்சர் அடிச்சிட்டா அப்புறம் செவுத்தச் சொரண்டித்தான் எடுக்கணும். ஓனர் ஒத்துக்குவாங்களா?

— அவங்கதான் ரெண்டு மணி நேரமா ஒத்துக்க மாட்டேன்றாங்களே, பாக்கியராஜ்.

— எவங்க மச்சான்?

— ஞாயித்துக்கிழம எல்லார் முன்னாடியும் சொல்லலாம்னு வச்சிருந்தேன். விட மாட்டேன்ற. துளசிராமன் ஐயா பையனோட பெங்களூரு போறாரு. திங்கக்கிழம ஆதார் கார்ட எடுத்துக்கினு ரெஜிஸ்டர் ஆபீஸ் வா, பானு. அந்த ஊட்ட நாம வாங்கறோம், உன் பேர்லதான் எழுதறாரு.