அடுத்த அறையில் எத்தனை பேர்

இது நடுராத்திரியில் நடந்தது இல்லை. பட்டப்பகல், மூன்று மணி. ஈ காக்கை இல்லாத ஒரு மண் பாதை... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

என் நண்பனின் அக்காவுக்கு நடந்தது. அவளுக்கு வாக்குமூலம் பதிவு செய்கிற வேலை. ஒரு காலத்தில் ராணுவம் வீடு புகுந்து ஜனங்களை இழுத்துக்கொண்டு போனதே, அதில் உயிரோடு திரும்பியவர்களைத் தேடிப்போய்ப் பேச வைப்பாள். அன்று அவளோடு வந்தவர் ஒரு லாரி மெக்கானிக். அவரையும் அவர் தம்பியையும் ஒன்றாகப் பிடித்துப்போய், அந்தப் பாதைக் கோடியில் இருந்த பழைய கிடங்கில் அடைத்தார்கள். பக்கத்துப் பக்கத்து அறை. அண்ணன் திரும்பினார். தம்பி திரும்பவில்லை. தம்பி இருந்த அறையில் யாரையுமே வைக்கவில்லை என்று அரசாங்கம் இன்றுவரை சாதிக்கிறது.

முதலில் தம்பியின் அறையைப் பார்த்தார்கள். கூரை இல்லை. முள்செடி, பறவை எச்சம்... வேறொன்றும் இல்லை. பிறகு அண்ணனுடைய அறை. காலை வைத்ததுமே ஈரச் சாக்கு நாற்றம். அக்கா பதிவுக் கருவியை ஓடவிட்டாள்.

"பேசினா தோலை உரிச்சிருவானுங்க. அதனால செவத்துல தட்டுவோம்மா. ரெண்டு தட்டுன்னா, இருக்கியா. ஒரு தட்டுன்னா, இருக்கேன்."

"எப்படின்னு தட்டிக் காட்டுங்கண்ணே."

டக்... டக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, அந்தப் பக்கத்திலிருந்து...

டக்.

அக்கா வெளியே ஓடி எட்டிப் பார்த்தாள். அதே முள்செடி. ஓர் இலைகூட அசையவில்லை.

திரும்பி வந்தபோது மெக்கானிக் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றார். "டேய்... உன்கூட எத்தனை பேருடா இருக்காங்க? ஆளுக்கு ஒண்ணு தட்டச் சொல்லுடா. இந்தம்மா பதிவு பண்ணுது."

டக். டக். டக்...

நிற்கவே இல்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கை. ஒன்று கனமாக. ஒன்றில் மோதிரம் உரசியது. ஒன்று வெறும் நகக் கீறல்.

"போயிரலாம்ணே," என்றாள் அக்கா.

"நீ போம்மா. இவங்களை இப்பவும் கணக்குல சேர்க்கலைன்னா, நாளைக்கு இன்னொருத்தன் வீட்டுக்குள்ளயும் இதே மாதிரி பூந்துருவானுங்க."

அவள் போகவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். கருவியில் சார்ஜ் தீர்ந்தது. எண்ணிக்கொண்டே இருந்தாள்.

வெளிச்சம் மங்கியபோது தட்டல் நின்றது. முடிந்தது என்று இருவரும் மூச்சு விட்டார்கள்.

அப்புறம் மறுபடி கேட்டது... தரையை ஒட்டி, முழங்காலுக்கும் கீழே. விரல் முட்டி இல்லை. பிஞ்சு உள்ளங்கை.

தப்.

அதன் பக்கத்திலேயே, இன்னும் தாழ்வாக, இன்னொன்று.